கல்லாவுக்கு அப்பால் – 23: இரண்டு அங்குலத் தண்ணீர்

குழாய், கண்ணாடி, சோப்புப் பெட்டி, கை உலர்த்தி, கதவுக் கொக்கி என்று ஓட்டல் கழிப்பறைக்கு வாங்க வேண்டிய சாமான்களை இந்த வாரம் ஒவ்வொன்றாகப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். போன வாரம் அடுப்படிப் புகைக்கூண்டோடு நிறுத்தினோம். கூண்டு வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வர வழி வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும், இன்றைக்கு அது தேவைப்படும்.

குழாய்க்கும் கண்ணாடிக்கும் முன்னால், தரையில் கிடக்கிற ஒரு சாமானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த வாரம் முழுக்க அதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். விலை அதிகமில்லை. சானிட்டரி கடை பில்லில் கடைசி வரியில் வரும். உரிமையாளர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பதே இல்லை, 'நீயே ஒண்ணு போட்ருப்பா' என்று பிளம்பரிடம் விட்டுவிடுவார்கள். ஃப்ளோர் டிராப். நஹானி டிராப் என்றும் சொல்வார்கள். தரையில் வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு ஜாலி தெரிகிறதே, அதற்குக் கீழே இருப்பது.

திருச்சி–மதுரை சாலையில் ஓர் உணவகம். உரிமையாளர் திருநெல்வேலிப் பக்கம், எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். புதுக் கட்டடம். சுவரில் தொங்குகிற வகை க்ளோசெட், சென்சார் வைத்த யூரினல், ஆளுயரக் கண்ணாடி என்று காசு பார்க்காமல் செய்திருந்தார். கழிப்பறைக்கென்றே இரண்டு பணியாளர்கள். அவர்கள் மாப் போட்டுத் துடைக்கும் வேகத்தில் தரையில் ஒரு சொட்டு ஈரம் தங்காது. அந்த ஈரமில்லாத தரைதான் அண்ணாச்சிக்குப் பெருமை. ஆனால் பதினொரு மணி வரை ஒன்றும் தெரியாது, மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஏற ஏற ஒரு வாடை வரும். கழிப்பறையில் கிளம்பி, கை கழுவும் இடத்தைத் தாண்டி, கடைசி இரண்டு மேஜை வரைக்கும் வந்துவிடும். செப்டிக் டேங்க்கைக் காலி செய்து பார்த்தார். வாசனை பீய்ச்சுகிற தானியங்கிப் பெட்டியை மாட்டினார். வாடையும் மல்லிகையும் கலந்து இன்னும் மோசமாகிவிட்டது.

நான் பார்க்கப் போனபோது கூட வந்த பிளம்பர் வயதானவர். வேறு எதையும் தொடவில்லை. நேராகப் போய்த் தரை ஜாலியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தார். செல்போன் டார்ச்சை உள்ளே அடித்தார். "அண்ணாச்சி, இதுல தண்ணியே இல்லையே. இங்க வந்து பாருங்க" என்றார். கிண்ணம் போன்ற அந்தக் குழிக்குள் அடியில் காய்ந்த சோப்பு நுரையின் வெள்ளைக் கோடு, இரண்டு மூன்று தலைமுடி, ஒரு செத்த கரப்பான். அவ்வளவுதான். இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஊற்றினார். எக்ஸாஸ்ட் மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் வாடை இறங்கிப்போனது.

நடந்தது இதுதான். ஃப்ளோர் டிராப் என்பது வெறும் ஓட்டை இல்லை. குழாய் கீழே இறங்கி, மறுபடி கொஞ்சம் மேலேறி, அதன் பிறகே சாக்கடை லைனில் சேரும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுப்பது அந்தத் தேங்கிய தண்ணீர் மட்டும்தான். அதன் ஆழம் குறைந்தது 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. உணவுக்கூடத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருப்பது அந்த இரண்டு அங்குலம்தான்.

முதன்முதலில் இந்த வளைவுக்குக் காப்புரிமை வாங்கியவர் யார் என்று தேடிப்போனதில்தான் இந்த வாரம் கரைந்தது. கொத்தனாரும் இல்லை, குழாய் வேலைக்காரரும் இல்லை. அலெக்சாண்டர் கம்மிங் என்கிற ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர். லண்டனில் கடை வைத்திருந்தார். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு, காற்றழுத்தம் ஏறி இறங்குவதைத் தானே தாளில் கோடு போட்டுப் பதிந்துகொள்கிற கடிகாரம் ஒன்றைச் செய்துகொடுத்தவர். 1775-ல் தண்ணீர்க் கழிப்பறைக்கு அவர் வாங்கிய காப்புரிமையில் இருப்பது ஆங்கில எழுத்து எஸ் வடிவத்தில் வளைத்த குழாய். காற்றின் அழுத்தத்தையே தொழிலாகப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குத்தான் கொஞ்சம் தண்ணீரை வைத்துக் காற்றை மறிக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. எனக்கு இது அபாரமாகப்படுகிறது. அதற்குப் பிறகு இருநூற்றைம்பது வருஷத்தில் பீங்கான் மாறியது, ஃப்ளஷ் மாறியது, சென்சார் வந்தது. அந்த வளைவும் அதில் நிற்கிற தண்ணீரும் மாறவில்லை. இன்றைக்கும் க்ளோசெட் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது "எஸ்ஸா, பியா?" என்றுதான். கழிவு தரை வழியாக இறங்கினால் எஸ், சுவர் வழியாகப் போனால் பி. கட்டடத்தில் குழாய் எங்கே வந்து நிற்கிறது என்று அளந்துகொண்டு போகாமல் நிறத்தைப் பார்த்து வாங்கி வந்தவர்கள், போட்ட டைல்ஸை உடைக்க வேண்டிவரும். சுவரிலிருந்து குழாயின் நடு மையம் எத்தனை அங்குலம் என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். க்ளோசெட்டைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும்.

அந்தத் தண்ணீர் காய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹாங்காங்கில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. கவ்லூன் பே பகுதியில் அமாய் கார்டன்ஸ் என்று ஒரு குடியிருப்பு. ஒவ்வொரு கட்டடமும் 33 மாடி, மாடிக்கு 8 வீடு. 2003 மார்ச்சில் சார்ஸ் நோய் பரவிக்கொண்டிருந்த நேரம். நோய் தொற்றிய ஒருவர் அங்கே ஈ பிளாக்கில் தன் சகோதரர் வீட்டுக்கு வந்து தங்கினார். அவருக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. ஏப்ரல் நடுவுக்குள் அந்தக் குடியிருப்பில் 321 பேருக்கு நோய். ஈ பிளாக் மக்களை மொத்தமாக வெளியேற்றி விடுமுறை முகாம்களில் தங்கவைத்தார்கள். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் பரவியிருந்தால் புரிந்துகொள்ளலாம். ஆனால் அதே கட்டடத்தில் மேலும் கீழுமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத வீடுகளில் எல்லாம் நோய் வந்தது.

விசாரணை செய்தவர்கள் குளியலறைத் தரைக்கு வந்து சேர்ந்தார்கள். மேலிருந்து கீழ் வரை ஒரே வரிசை வீடுகளின் க்ளோசெட், வாஷ் பேசின், தரை டிராப் எல்லாம் ஒரே செங்குத்துக் குழாயில் சேர்ந்திருந்தன. தரை டிராப்புக்குத் தரையில் ஓடுகிற தண்ணீரைத் தவிர வேறு வரத்து கிடையாது. அந்த மக்கள் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை, மாப் போட்டுத் துடைத்தார்கள். டிராப்கள் காய்ந்து கிடந்தன. கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் மின்விசிறியைப் போட்டால், அந்த விசிறி காய்ந்த டிராப் வழியாகச் சாக்கடைக் குழாயின் காற்றையும் அதில் மிதந்த நுண்துளிகளையும் உள்ளே இழுத்தது. அங்கிருந்து ஜன்னல் பக்கத்துக் காற்றுவெளி வழியே மற்ற வீடுகளுக்கும் போனது. ஹாங்காங் சுகாதாரத் துறையும் உலக சுகாதார நிறுவனமும் கொடுத்த விளக்கங்களில் இந்தக் காய்ந்த டிராப்புக்கு முக்கியமான இடம் உண்டு. இன்னொன்றையும் படித்து ஆச்சரியப்பட்டேன். ஹாங்காங்கில் பெரும்பாலான வீடுகளில் கழிப்பறை ஃப்ளஷுக்கு வருவது கடல் தண்ணீர். நல்ல தண்ணீரைக் காப்பாற்ற ஐம்பதுகளிலேயே தனிக் குழாய் போடத் தொடங்கிவிட்டார்கள். சென்னைக்காரர்கள் நின்று யோசிக்க வேண்டிய விஷயம், வேறொரு வாரம் வைத்துக்கொள்வோம்.

அண்ணாச்சியின் கழிப்பறையில் இருந்ததும் இதே மூன்று விஷயங்கள்தான்: துடைத்த தரை, காய்ந்த டிராப், ஓடுகிற எக்ஸாஸ்ட். உணவக வாடையால் சார்ஸ் வரும் என்று யாரையும் பயமுறுத்தவில்லை. இயங்குகிற விதம் ஒன்று என்பதைத்தான் சொல்கிறேன். பழைய மெஸ்களில் காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விளக்குமாற்றால் தள்ளுவார்கள். அங்கே வேறு நூறு குறை இருக்கலாம், டிராப் காயாது. ஏசி போட்டு, மாப் வைத்துப் பராமரிக்கிற புதுக் கடைகளுக்குத்தான் இந்தத் தொல்லை. ஏசிக் காற்றில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறது, மேலே இருந்து வரத்தும் இல்லை. 2020 ஊரடங்குக்குப் பிறகு ஷட்டரைத் தூக்கிய பல கடைகளில் முதலில் வரவேற்றது இந்த வாடைதான்.

அமாய் கார்டன்ஸுக்குப் பிறகு ஹாங்காங் வீட்டுவசதித் துறை ஒரு வழி செய்தது. வாஷ் பேசின் கழிவுத் தண்ணீர் தரை டிராப் வழியாகவே போகும்படி குழாயை அமைத்தார்கள். யாராவது கை கழுவும்போதெல்லாம் டிராப் தானாக நிரம்பும். நம் ஊர்ச் சானிட்டரி கடையில் மல்டி ஃப்ளோர் டிராப் என்று கேட்டால் தருவார்கள், பக்கவாட்டில் இரண்டு மூன்று துளைகளோடு இருக்கும். பேசின் லைனை அந்தத் துளையில் சேர்த்தால் அதே வேலை முடிந்தது. புதிதாகக் கட்டுகிறவர்கள் கழிப்பறைக்கென்று ஒரே ஒரு சாமானை நேரில் போய்ப் பார்த்து வாங்கப்போகிறீர்கள் என்றால் இதை வாங்குங்கள். பளபளக்கும் குழாயைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். டிராப் கான்கிரீட்டுக்குள் போய்விட்டால் மாற்றுவதற்குத் தரையையே உடைக்க வேண்டும்.

வாங்கும்போது கையோடு ஒரு ஸ்கேல் கொண்டுபோங்கள். கடை மேஜையில் டிராப்பை நேராக வைத்து, வழிகிற வரை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். வெளியே போகிற வாயின் அடி மட்டத்திலிருந்து உள்ளே இறங்குகிற தடுப்பின் முனை வரை எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். அதுதான் உண்மையான ஆழம். வெளியிலிருந்து பார்க்கக் கனமாக இருக்கிற சிலவற்றில் அரை அங்குலம்கூடத் தேறாது, சில நாளில் காய்ந்துவிடும். காக்ரோச் ஜாலி என்று கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒன்று விற்கிறார்கள். பூச்சிக்கு நல்லதுதான், ஆனால் அதை டிராப்புக்குப் பதிலாகப் போடக் கூடாது.

நம் உணவகங்களில் இதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். பேசினில் விழுவது வெறும் சோப்புத் தண்ணீர் இல்லை. நெய், சாம்பார், மோர்க்குழம்பு, ஒட்டிய சோற்றுப் பருக்கை, வெற்றிலை போட்டவர் கொப்பளித்தது எல்லாம் சேர்ந்து வரும். எல்லாம் டிராப்புக்குள் போய்ப் படிந்தால் அதுவே நாறும். அதனால் சாப்பாட்டுக் கூடத்தில் கை கழுவும் பேசின் வரிசையை இந்த டிராப்போடு சேர்க்காதீர்கள். அதற்குத் தனி லைன், வழியில் திறந்து கழுவக்கூடிய சேம்பர். கழிப்பறைக்குள் இருக்கும் சின்ன பேசினை மட்டும் தரை டிராப்போடு சேருங்கள். இரண்டுக்குமே, அடியில் திருகிக் கழற்றுகிற பாட்டில் டிராப் நல்லது. வாரம் ஒருமுறை பணியாளரே கழற்றிக் கழுவி மாட்டிவிடலாம்.

பேசினுக்குக் கீழே குனிந்து பார்த்திருக்கிறீர்களா? பாதி கடைகளில் ஒரு வெள்ளை வேஸ்ட் பைப், மடிப்பு மடிப்பாக, தரையிலோ சுவரிலோ உள்ள துளைக்குள் சும்மா செருகியிருக்கும். பைப் ஒன்றேகால் அங்குலம், துளை இரண்டு அங்குலம். சுற்றிலும் உள்ள இடைவெளியில் பாலிதீன் பையைச் சுருட்டி அடைத்திருப்பார்கள். டிராப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இடைவெளி வழியாகக் காற்று வந்துகொண்டேதான் இருக்கும், இரவில் கரப்பானும் அதே வழியில் வரும். அதற்கென்றே ரப்பர் காலர் விற்கிறது. விலை ஒரு மதியச் சாப்பாட்டைவிடக் குறைவு.

இப்போது போன வாரத்துப் புகைக்கூண்டு. மதிய நேரம் மட்டும் வாடை வருவது ஏன் என்று அண்ணாச்சி கேட்டார். அடுப்படிக் கூண்டுகள் முழு வேகத்தில் ஓடுவது அப்போதுதானே! வெளிக்காற்று வர வழி இல்லாத கடையில், கூண்டு தனக்கு வேண்டிய காற்றை எங்கே கிடைக்கிறதோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். வாசல் கதவும் சாத்தியிருந்தால் கழிப்பறையிலிருந்து எடுக்கும். கழிப்பறையின் டிராப்பும் காய்ந்திருந்தால் சாக்கடையிலிருந்தே எடுக்கும். ஓர் ஊதுபத்தி போதும், கண்டுபிடித்துவிடலாம். எல்லா அடுப்பும் எரிகிற நேரத்தில் கழிப்பறைக் கதவை ஒரு விரல் அளவு திறந்து, அடியில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை கழிப்பறைக்குள் போனால் சரி. சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி வந்தால் கழிப்பறை எக்ஸாஸ்ட் போதவில்லை, அல்லது கூண்டு அளவுக்கு மேல் இழுக்கிறது. அண்ணாச்சி கடையில் புகை வளைந்து நேராகக் கடைசி மேஜை பக்கம் போனது. அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

தண்ணீர் இருந்தும் வாடை வருகிறதா? மேல்மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது கீழ் டிராப்பில் கொப்பளிக்கிற சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால், மேலே இருந்து விழுகிற தண்ணீர் கீழ் டிராப்பின் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. லைனுக்குள் காற்று போய்வர வேண்டிய வென்ட் பைப் இல்லை, அல்லது அடைத்திருக்கிறது. அதை மொட்டை மாடிக்கு மேலே கொண்டுபோய், கவுல் என்கிற காற்றுமூடியை மாட்ட வேண்டும். செலவைக் குறைக்கிறேன் என்று இந்தக் குழாயை வெட்டிவிடுவது பெரிய கொடுமை.

படிக்கும்போது கிடைத்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1894 வாக்கில் வியன்னாவில் வில்ஹெல்ம் பீட்ஸ் என்பவர் தண்ணீரே இல்லாத யூரினலுக்கு வழி கண்டுபிடித்தார். டிராப்பில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய். சிறுநீர் கனம், எண்ணெய் லேசு. சிறுநீர் கீழே இறங்கிவிடும், எண்ணெய் மேலே படலமாக நின்று வாடையை மறித்துவிடும். அதே பீட்ஸ் 1905-ல் வியன்னாவின் கிராபென் வீதியில் தரைக்கு அடியில் கட்டிய பொதுக் கழிப்பறை, மரவேலைப்பாடும் கண்ணாடியுமாக இன்றும் இருக்கிறது. அடிக்கடி தண்ணீர் போகாத டிராப்புக்கு, கடையை நாலைந்து நாள் மூடுகிற தீபாவளி சமயத்தில், தண்ணீர் ஊற்றி அதன்மேல் கொஞ்சம் மினரல் ஆயில் விடலாம். ஆவியாவது குறையும். சமையல் எண்ணெய் வேண்டாம், அது சிக்குப் பிடித்து நாறும்.

பேசினிலும் யூரினலிலும் அந்துருண்டை போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது வாடையைப் போக்குவதில்லை, மூக்கைக் குழப்புகிறது. அந்துருண்டையில் உள்ள நாப்தலின், ஜி-6-பி-டி என்கிற நொதிக் குறைபாடு உள்ளவர்களின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. குழந்தைகள் கை நீட்டுகிற இடத்தில் அது கிடக்க வேண்டுமா? வாடை பற்றி உங்கள் மூக்கையும் பணியாளர் மூக்கையும் நம்பாதீர்கள். நாள் முழுக்க அங்கேயே இருக்கிற மூக்குக்கு அது பழகிவிடும். மாதத்துக்கு ஒருமுறை, உங்கள் கடைக்கு வராத உறவுக்காரர் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

சாக்கடை வாடையில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது. மிகச் சிறிய அளவிலேயே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. செப்டிக் டேங்க்குக்குள் இறங்கியவர்கள் இறந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். உணவக செப்டிக் டேங்க்கில் மனிதர்களை இறக்கி இன்னும் உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. கையால் கழிவகற்றுவதைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஒருவரை இறக்குவது குற்றம். இறப்புக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. 30 லட்சத்தால் ஒரு மனிதர் திரும்பி வரமாட்டார். லாரியும் மோட்டாரும் மட்டும்தான், எந்த அவசரத்திலும், எவ்வளவு பெரிய முகூர்த்த நாளாக இருந்தாலும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

பழைய கட்டடத்தில் கடை நடத்துகிறவர்கள் தரையை உடைக்க வேண்டியதில்லை. இரவு கடை மூடும்போது ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு வாளித் தண்ணீர். கல்லா கணக்கு முடிக்கிறவரின் பட்டியலில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். வாளி ஊற்றும்போது தண்ணீர் ஜாலியை நோக்கி ஓடுகிறதா என்றும் தெரிந்துவிடும். வாட்டம் சரியாக விடாத தரையில் அது மூலைக்குப் போய் நிற்கும். கட்டுகிறபோதே மேஸ்திரியைக் கூப்பிட்டு ரசமட்டம் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டியது அது.

குழாய்கள் அடுத்த வாரம். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் உணவகக் குழாய்களின் வாயில் ஏரேட்டர் கட்டாயம் என்றது ஏன், அந்தச் சின்ன வலை எவ்வளவு தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது, எச்சில் கையால் திறக்கிற குழாய்க்குப் பிடி எப்படி இருக்க வேண்டும், அழுத்தினால் ஓடி நிற்கிற குழாய் வயதானவர்களை ஏன் சிரமப்படுத்துகிறது என்று பார்ப்போம். கதவுக் கொக்கியை எந்த உயரத்தில் அடிக்க வேண்டும் என்று கேட்டு எழுதிய ஈரோடு வாசகிக்கும் அதிலேயே பதில் உண்டு.

(தொடரும்)